நம்ம ஊர் வெயிலில் கையால் பின்னிய காலுறை பரிசா?

கேள்வி: கிள்ளானிலிருந்து ஒரு வாசகர், 6 ஜூலை 2025

மதியம் 33 டிகிரி அடிக்கிற நாடு நம்ம மலேசியா. பசார் மாலாமில், அதான் இரவுச் சந்தையில், மூன்று ஜோடி சாக்ஸ் பத்து வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைக்கிறது. வேலை, பிள்ளை, சமையல் என்று ஓடுகிறவர்கள் உட்கார்ந்து கையால் காலுறை பின்னிப் பரிசு கொடுப்பதில் என்ன இருக்கிறது? எங்க அக்கா இதில் இறங்கியிருக்கிறார். தீபாவளிக்குச் சொந்தக்காரர் எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு ஜோடியாம். நேரமும் காசும் வீண் என்றுதான் எனக்குப் படுகிறது. பின்னுகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

6 ஜூலை 2025, இரவு

தம்பி, நான் பின்னுகிறவள். பிறையில் வீடு, ஜார்ஜ் டவுனில் கணக்கு வேலை, வீட்டுக்காரருக்குப் பாயான் லெப்பாஸில் ஷிப்ட், மகள் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு. ஓடுகிறவர்கள் பட்டியலில் என்னையும் சேர்த்துக்கொள்ளலாம்.

வெளியே 33 டிகிரி, சரி. ஆனால் நாம் வெளியிலா இருக்கிறோம்? அலுவலகத்தில் என் மேசை ஏர்கோனுக்கு நேர் கீழே. பட்டர்வொர்த்திலிருந்து கோலாலம்பூருக்கு இடிஎஸ் ரயிலில் போனவர்களைக் கேளுங்கள். தைப்பிங் தாண்டுவதற்குள் கால் விறைத்துவிடும், அப்புறம் ஈப்போ, அதற்கப்புறமும் பாதி தூரம் கிடக்கிறது. ராத்திரி எக்ஸ்பிரஸ் பஸ்ஸைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். குளிர் வேண்டுமென்றால் கேமரன் மலைக்குப் போகணும் என்பதெல்லாம் அந்தக் காலம்.

பசார் மாலாம் சாக்ஸை நான் குறை சொல்லவில்லை. மகள் பள்ளிக்கு அதைத்தான் போட்டுப் போகிறாள். பரிசு வேறு. அதை நாளைக்கு எழுதுகிறேன்.

7 ஜூலை 2025

நேரத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், எல்லாரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

பெண்கள் அளவுக் காலுறைக்கு மெல்லிய நூலில் வழக்கமாக 64 கண்ணி, அதாவது ஊசியில் ஏற்றும் நூல் வளையம், போடுவோம். ஊசி இரண்டேகால் அல்லது இரண்டரை மில்லிமீட்டர். மேல்பட்டையிலிருந்து விரல்முனை வரை ஒரு காலுக்குப் பதினோராயிரம் கண்ணிக்குப் பக்கமாக வரும். நிமிடத்துக்கு 30 கண்ணி என்று வைத்தால் ஒரு ஜோடிக்குப் பன்னிரண்டு மணி நேரம். கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால் 64 கண்ணியில் ஒரு சுற்று முடிய இரண்டே நிமிடம். காலுறையை அந்தக் கணக்கில் பார்க்கணும். குக்கர் விசிலுக்கு நிற்கும்போது ஒரு சுற்று. டியூஷன் வாசலில் மகளுக்காகக் காத்திருக்கும்போது ஏழெட்டுச் சுற்று. வேலைக்குப் போகும் பெர்ரிப் படகில் உட்கார இடம் கிடைத்தால் அக்கரை சேர்வதற்குள் ஒரு விரற்கடை வளர்ந்திருக்கும்.

பன்னிரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல எனக்கு யாரும் தரப்போவதில்லை. இரண்டு நிமிடங்கள் நாள் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. முன்பு அவை கைப்பேசிக்குப் போய்க்கொண்டிருந்தன.

7 ஜூலை 2025, சற்று நேரம் கழித்து

விட்டுப்போனது: இந்தக் கணக்கு குதிகாலுக்குப் பொருந்தாது. குதிகால் திருப்பும்போது, அதாவது காலுறை அங்கே வளையும்படி பின்னும்போது, எண்ணிக்கை தப்பக்கூடாது, பக்கத்தில் யாரும் பேசக்கூடாது. அதை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெர்ரியில் நேராகப் போகிற கணுக்கால் பகுதியும் பாதமும் மட்டும்.

12 ஜூலை 2025

காசு பற்றித் தம்பி மறுபடியும் கேட்டிருக்கிறார். ஒளிக்காமல் சொல்கிறேன். நல்ல சாக்ஸ் நூல் 100 கிராம் உருண்டை வாங்க அறுபது எழுபது வெள்ளி ஆகிவிடும். வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. 75 விழுக்காடு கம்பளி, 25 விழுக்காடு நைலான் என்ற கலவை. ஓப்பல், ரெஜியா, ட்ராப்ஸ் ஃபேபல் எல்லாம் இந்த வகைதான். 100 கிராமில் 400 மீட்டருக்கு மேல் நூல் இருக்கும். பெரியவர்களுக்கு ஒரு ஜோடி பின்னி, குழந்தைக் காலுறைக்கும் மிஞ்சும்.

ஷாப்பி இணையக் கடையில் மலிவாகக் கிடைக்கும் மில்க் காட்டன் நூலில் பின்னலாமா என்று இன்னொருவர் கேட்டார். பொம்மைக்கும் பைக்கும் அது அருமையான நூல். காலுறைக்கு வேண்டாம். தடிமனாக இருக்கும், இழுத்தால் பழைய நிலைக்குத் திரும்பாது, ஷூவுக்குள் இரண்டு நாள் போட்டாலே தொளதொளவென்று ஆகிவிடும். குதிகாலில் தேய்மானத்தைத் தாங்குவது நைலான். காலைப் பிடித்து நிற்பது கம்பளி. இரண்டும் வேண்டும்.

கம்பளி என்றதும் வேர்க்குமே என்று பயப்படுகிறார்கள். கம்பளி தன் எடையில் ஏறக்குறைய 30 விழுக்காடு ஈரத்தை உள்ளே இழுத்துக்கொண்டும் ஈரமாகத் தெரியாது. பருத்தி வேர்வையைக் குடித்துவிட்டு நனைந்தே கிடக்கும். நாள் முழுக்க ஷூ போடுகிறவருக்கு விரலிடுக்கில் புண் வருவது அந்த ஈரத்தால்தான். மெல்லிய கம்பளி நம் ஊருக்கு ஒத்துவரும், போட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.

15 ஜூலை 2025

சாக்ஸ் வெள்ளைக்காரன் ஊர்ச் சமாச்சாரம் என்று ஓர் அண்ணன் எழுதியிருந்தார். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஒரு ஜோடி சிவப்புக் காலுறை இருக்கிறது. எகிப்தில் கிடைத்தது, ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு மேல் பழையது. ஒற்றை ஊசியால் வளையம் வளையமாகக் கோத்துச் செய்தது, நாம் இப்போது பின்னும் முறை இல்லை. பெருவிரல் தனி, மற்ற விரல்கள் தனி என்று முனை இரண்டாகப் பிரிந்திருக்கும். வார்ச் செருப்புக்குள் போடுவதற்காக. பல நூற்றாண்டு கழித்து அதே எகிப்தில் பருத்தி நூலில் நீலமும் வெள்ளையுமாக நாம் இப்போது பின்னும் முறையில் பின்னியிருக்கிறார்கள். பாலைவன நாட்டிலேயே இருந்த பழக்கம், அண்ணே.

அதைப் படித்ததிலிருந்து சிலிப்பர் போடும் நம் பாட்டிமாருக்கும் விரல் பிரித்துப் பின்னலாமே என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது.

19 ஜூலை 2025

அளவு. பரிசு என்றால் சொல்லாமல் கொடுக்கத்தான் ஆசை, அப்படியானால் அளவு எப்படி எடுப்பது என்று மூன்று பேர் கேட்டாயிற்று.

நம் வீடுகளில் இதற்கு வசதி உண்டு. யார் வந்தாலும் சிலிப்பரை வாசலில்தான் கழற்றுவார்கள். பழகிய சிலிப்பரில் குதிகாலும் ஐந்து விரலும் அழுந்திக் கறுத்த தடம் இருக்கும். பெருவிரல் பள்ளம் நன்றாகத் தெரியும். குதிகால் விளிம்பிலிருந்து அந்தப் பள்ளத்தின் நுனி வரை ஒரு துண்டு நூலை வைத்து வெட்டிக்கொள்ளுங்கள். அதுதான் பாத நீளம். சிலிப்பரின் நீளத்தை எடுத்தால் ஒரு விரல் அகலம் கூடிவிடும்.

காலுறையை அந்த நீளத்தைவிட ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் குறைத்துப் பின்னணும். சுற்றளவில் பத்து விழுக்காடு குறைக்கணும். விரலடி மேட்டைச் சுற்றி 22 சென்டிமீட்டர் என்றால் காலுறை 20 இருந்தால் போதும். 10 சென்டிமீட்டருக்கு 30 கண்ணி வருகிறவர் 60 போடலாம். இழுத்துப் பிடித்தால்தான் ஷூவுக்குள் சுருளாது.

20 ஜூலை 2025

மெட்டி! நேற்று எழுத விட்டுப்போனது. அத்தை, பெரியம்மா, அண்ணி என்று பின்னுகிறவர்கள் இதை மறக்கவே கூடாது. இரண்டு நிறப் பூவேலை செய்தால் உள்பக்கம் நூல் தொங்கலாகப் போகும், மெட்டி அதில் மாட்டிக்கொள்ளும். காலை இழுத்தால் நூலும் வரும், விரலும் வலிக்கும். அவர்களுக்கு ஒற்றை நிறம், அல்லது தானாகவே கோடு விழுகிற நூல். முனையைக் கொஞ்சம் அகலமாக விடுங்கள். கொலுசு போடுகிறவர் என்றால் கணுக்காலுக்குக் கீழேயே முடிகிற குட்டைக் காலுறை.

வெளிநாட்டுக் காணொளிகள் பார்த்துக் கற்றுக்கொண்டவள் நான். அவற்றில் எதிலும் மெட்டி இல்லை.

2 ஆகஸ்ட் 2025

இந்த வாரம் ஆண்டுக் கணக்கு வேலை, ஒன்றும் நகரவில்லை. பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு ஒரு ஜோடி முடித்தது மட்டும்தான். டயாலிசிஸுக்குப் போகிறவர், வாரம் மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். இரத்தம் குழாய் வழியாக வெளியே போய்த் திரும்பும்போது சூடு இறங்குகிறது, அறையில் ஏர்கோன் வேறு. போர்வை கொண்டுபோனாலும் பாதம் மட்டும் சில்லென்று இருக்கும் என்பார். காலுறையைப் போட்டுப் போய்விட்டு வந்து, "அடுத்த கட்டில் சீனப் பாட்டி எங்கே வாங்கினேன்னு கேட்டுச்சு, வாங்க முடியாதுன்னு சொல்லிட்டேன்" என்றார். அந்தச் சீனப் பாட்டியின் கால் அளவு எனக்கு வேண்டும். ஆன்ட்டியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

9 ஆகஸ்ட் 2025

ஜூலை 19 குறிப்பை மறுபடி யோசிக்கிறேன். இளையவர்களுக்கு வாசல் சிலிப்பர் அளவு போதும். பெரியவர்களுக்கு நேரில் கேட்டு, காலைப் பார்த்து அளப்பதுதான் சரி என்று இப்போது நினைக்கிறேன். காரணம் எங்கள் பெரியப்பா.

பட்டர்வொர்த் துறைமுகத்தில் லோரி ஓட்டியவர், இனிப்புநீர் (நீரிழிவு) பல வருடமாக. கால் அளக்கணும் என்றதும் முதலில் மாட்டேன் என்றார். "காலைப் போய் என்னம்மா தொட்டுக்கிட்டு" என்று இழுத்துக்கொண்டார். பெரியம்மா அதட்டியதும் நீட்டினார். தையல் டேப்பின் நுனியில் தகரம் இருக்கும் அல்லவா, அது அவர் பெருவிரலின் அடியில் நன்றாக அழுத்திக்கொண்டிருந்தது. தோலில் கோடு விழுந்தது எனக்குத் தெரிகிறது. அவர் பாட்டுக்கு 1985-இல் பினாங்குப் பாலம் திறந்தபோது லோரி ஓட்டிய கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். "குத்தலையா பெரியப்பா?" என்றேன். "எது?" என்றார்.

மறுவாரம் கிளினிக்குக்கு அழைத்துப் போனோம். தாதி ஒரு பேனா மாதிரியான கருவியை எடுத்தார். நுனியில் மெல்லிய நைலான் இழை. 10 கிராம் அழுத்தத்தில் வளையும்படி செய்தது. கண்ணை மூடச் சொல்லி, அடிப்பாதத்தில் இடம் இடமாக அந்த இழையால் தொட்டு, தெரிந்தால் சொல்லுங்கள் என்றார். பெரியப்பா நிறைய இடத்தில் பேசாமலே இருந்தார். பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

புண் ஏதும் இல்லை, நல்லவேளை. தினமும் ராத்திரி அடிப்பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பார்க்கணும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

10 ஆகஸ்ட் 2025

நேற்றைய குறிப்புக்குப் பிறகு நிறையப் பேர், எங்கள் அப்பாவுக்கும் இனிப்புநீர்தான் என்று எழுதுகிறீர்கள். 2023 தேசிய சுகாதார ஆய்வில் வயது வந்தவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்று வந்தது. ஆறு பேரில் ஒருவர். நம் இந்தியர்களிடம் இது இன்னும் கூடுதல். தீபாவளிக்கு ஆறு ஜோடி பின்னுகிறவர் அநேகமாக ஒரு ஜோடியையாவது அப்படிப்பட்ட காலுக்குத்தான் பின்னுகிறார்.

அந்தக் காலுக்குப் பின்னுகிற விதமே வேறு. மேல்பட்டை இறுகக்கூடாது. கடையில் விற்கும் சாக்ஸின் எலாஸ்டிக் கணுக்காலில் பள்ளம் போடுகிறதே, அது இரத்த ஓட்டத்துக்கு நல்லதல்ல. ஆகையால் பத்து விழுக்காடு குறைக்கச் சொன்ன கணக்கு இங்கே பாதத்துக்கு மட்டும், அதுவும் வீக்கம் இல்லாத காலுக்கு. மேலே 72 கண்ணியைப் பெரிய ஊசியில் தளர்வாகப் போட்டு, கணுக்கால் தாண்டியபின் 64-க்குக் குறைக்கிறேன். விரல்முனையில் தையல் மேடு வரவே கூடாது. இரண்டு ஊசியில் எதிரெதிராக நிற்கும் கண்ணிகளை ஊசிநூலால் கோத்து மேடில்லாமல் மூடும் முறைக்குக் கிச்சனர் என்று பெயர், முதல் உலகப் போர்க்காலப் பிரிட்டிஷ் போர் அமைச்சரின் பெயர். நூல் முனைகளை அடிப்பாதத்தில் ஒளிக்கக்கூடாது, மேலே கணுக்காலுக்குக் கொண்டுபோய்ச் செருகணும். உணர்ச்சி இல்லாத காலுக்குச் சின்ன முடிச்சே புண்ணாகப் போதும்.

நிறம் வெளிர். பெரியப்பாவுக்குச் சந்தன நிறம் எடுத்திருக்கிறேன். கசிவோ இரத்தமோ இருந்தால் வெளிர் நிறத்தில்தான் உடனே தெரியும். ஏற்கெனவே புண் இருக்கிறவருக்குக் காலுறை பரிசு வேண்டாம், முதலில் மருத்துவரிடம் காட்டட்டும்.

13 ஆகஸ்ட் 2025

இன்னொன்று. நம் வீட்டுத் தரை எல்லாம் டைல். பின்னிய காலுறையோடு வயதானவர் நடந்தால் வழுக்கும். அடியில் வழுக்காத பசைப் புள்ளிகள் வைக்கலாம், தையல் சாமான் கடையில் கேட்டால் தருவார்கள். ஆனால் உணர்ச்சி குறைந்த காலுக்கு அந்தப் புள்ளியின் மேடும் உறுத்தலாகுமே என்று யோசித்து, பெரியப்பாவுக்கு அதை வைக்கவில்லை. அவர் வீட்டுக்குள் போடும் மெத்தைச் செருப்பின் அளவையும் எடுத்து, அதற்குள் போகிற மாதிரி பின்னுகிறேன்.

30 ஆகஸ்ட் 2025

கிள்ளான் தம்பி இன்று கேட்டது வேறு கேள்வி: "அக்காவுக்கு நான் என்ன வாங்கித் தரலாம்?"

நல்ல வட்ட ஊசி ஒன்று, இரண்டு முனை ஊசியையும் வளையும் கம்பி இணைப்பது, மொத்தம் 80 சென்டிமீட்டர் நீளம், இரண்டரை மில்லிமீட்டர். குட்டையான ஐந்து ஊசி வைத்துப் பின்னுகிறவர் என்றால் பஸ்ஸில் ஓர் ஊசி உருண்டு போய்விடும். வட்ட ஊசியில் கம்பியை நடுவில் வளைத்து வெளியே இழுத்துப் பின்னினால் எதுவும் கீழே விழாது. அதோடு வெளிச்சமான நிறத்தில் ஒரு நூல் உருண்டை. கறுப்பு வேண்டாம். பண்டிகைக்கு ஆகாது என்பது ஒன்று, ராத்திரி விளக்கில் கறுப்பு நூலில் கண்ணி தெரியாது என்பது இன்னொன்று. முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சமையலை நீங்கள் பாருங்கள். அவர் குதிகாலைத் திருப்பி முடித்துவிடுவார்.

14 செப்டம்பர் 2025

ஒன்றை முடித்ததும் அதேபோல இரண்டாவது பின்ன அலுப்பாக இருக்கிறது என்று பாதிப் பேர் சொல்கிறீர்கள். மகள் தனக்கு ஒரு கால் ரோஜா நிறம், ஒரு கால் பச்சை என்று கேட்டிருக்கிறாள். "ஜோடின்னா ஒரே மாதிரி இருக்கணுமா? நீயும் அப்பாவும் ஒரே மாதிரியா இருக்கீங்க?" என்றாள். வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் பதில் சொல்ல முடியவில்லை. பின்னிக்கொண்டிருக்கிறேன், அலுப்பே தெரியவில்லை.

28 செப்டம்பர் 2025

தீபாவளி நெருங்குகிறது, முறுக்கு வேலை வேறு. எத்தனை ஜோடி முடியும் என்று பட்டியலைத் திரும்பப் பார்த்தேன். இளையவர்கள் பெயரை எல்லாம் அடித்துவிட்டேன். அவர்களுக்குப் பண அன்பளிப்பு உறை போதும், அதையே விரும்புவார்கள். பெரியப்பா, ஆன்ட்டி, அந்தச் சீனப் பாட்டி, சிலிப்பர் போடும் எங்கள் அம்மாச்சி, மெட்டி போடும் அத்தை. எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு ஜோடி என்று கிள்ளான் அக்கா கிளம்பியிருக்கிறாரே, அவருக்கும் இதையே சொல்வேன். யாருடைய காலை நீங்கள் தொட்டுப் பார்க்க முடியுமோ அவர்களுக்குப் பின்னுங்கள்.

21 அக்டோபர் 2025

நேற்றுத் தீபாவளி. அம்மாச்சிக்கு விரல் பிரித்துப் பின்னிய காலுறை சிலிப்பர் வாருக்குள் சரியாக உட்கார்ந்தது. கோயிலுக்குப் போகும்வரை போட்டிருந்தார், வாசலில் கழற்றித் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். வெளியே விட்டால் யாராவது எடுத்துவிடுவார்களாம்.

பெரியப்பா காலுறையை வாங்கியதும் உள்பக்கத்தை வெளியே திருப்பி, விரலால் தடவிப் பார்த்தார். "தையலே இல்லையே" என்றார். அப்புறம் பெரியம்மாவிடம் கண்ணாடியைக் கேட்டு, எல்லார் முன்னாலும் அடிப்பாதத்தைப் பார்த்துவிட்டுத்தான் போட்டுக்கொண்டார். முன்பு காலையே காட்டமாட்டேன் என்றவர். பிள்ளைகளும் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள்.

25 அக்டோபர் 2025

துவைப்பது எப்படி என்று கொடுத்தவர்களுக்கு எழுதிக் கொடுங்கள். குளிர்ந்த தண்ணீரில் மெஷினில் போடலாம், வலைப்பைக்குள் போட்டு. சூப்பர்வாஷ் என்று போட்ட நூலாக இருந்தால்தான், இல்லாவிட்டால் சுருங்கிக் கட்டியாகிவிடும். வெயிலில் போட்டால் நிறம் வெளுக்கும், நிழலில் காற்றாடிக்குக் கீழே காயட்டும். நம் ஊர் ஈரத்துக்கு அரைகுறையாகக் காய்ந்ததை மடித்து வைத்தால் பூசண வாடை வரும். நீண்ட நாள் எடுத்து வைப்பதானால் இறுக்கி மூடும் பையில். அம்மா கூடவே காய்ந்த வேப்பிலையும் போடுவார்.

16 நவம்பர் 2025

பெரியப்பா தினமும் போடுகிறார் போல. வலது குதிகால் அதற்குள் மெலிந்துவிட்டது, வெளிச்சத்தில் பிடித்தால் வலை மாதிரித் தெரிகிறது என்று பெரியம்மா போன் செய்தார்.

ஓட்டை விழும்வரை காத்திருக்காதீர்கள். மெலிந்த இடம் தெரிந்ததுமே, அதே நூலை மழுங்கிய ஊசியில் கோத்து, இருக்கும் கண்ணியின் போக்கிலேயே அதன் மேல் இன்னொரு கண்ணி போல ஓட்டிக்கொண்டு போகலாம். முடிச்சும் இருக்காது, மேடும் பெரிதாக வராது. உணர்ச்சி இல்லாத காலுக்கு ஓட்டையைக் குறுக்கும் நெடுக்குமாகத் தைத்து அடைப்பது ஆகாது, அந்த இடம் தடித்துவிடும். அவ்வளவு பழுதானால் குதிகாலையே பிரித்து மறுபடி பின்னணும். அதனால் மிச்ச நூலைத் தூக்கி எறியாமல், யாருடைய காலுறையின் நூல், எத்தனை கண்ணி, என்ன ஊசி என்று ஒரு சீட்டு எழுதிச் சேர்த்துக் கட்டி வையுங்கள். அடுத்த ஜோடியில் குதிகால் மடலை, அதாவது குதிகாலின் பின்பக்கப் பட்டையை, ஒரு கண்ணி பின்னி ஒரு கண்ணி பின்னாமல் தள்ளுகிற முறையில் போடப்போகிறேன், அது இன்னும் உறுதி கொடுக்கும். சந்தன நிறம் இன்னும் அரை உருண்டை இருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை புக்கிட் மெர்தாஜாமில் பெரியப்பா வீட்டுக்குப் போகிறேன், டேப்பையும் எடுத்துக்கொண்டு.